வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்

என் கணவருக்கு இடுப்பில் வலி இருக்கிறது என்று எனக்கு முதன்முதலில் தெரிந்தது சர்ச்சில்தான். அவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று நாரணாபுரத்துக்கு வந்த புதிது. திருவிருந்து எடுக்க முன்னால் போய், ஆண்கள் வரிசையோடு முழங்காலில் நின்றார். அப்பமும் ரசமும் வாங்கிக்கொண்டு மற்றவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். இவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த வரிசை வந்து முழங்கால் போட்டது. அதுவும் எழுந்து போனது. இவர் தலையைக் குனிந்தபடி, முன்னாலிருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். போதகர் தட்டோடு அவர் முன்னால் ஒரு நிமிஷம் தயங்கி நின்றுவிட்டு நகர்ந்தார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா என் தொடையில் தட்டினார். "உங்க வீட்டுக்காரருக்கு எம்புட்டு பக்தி பாருங்க. பட்டாளத்துல இருந்து வர்றவுக பாதிப் பேரு பாட்டிலும் கையுமா அலையுறாக. நீங்க குடுத்து வச்சவுக."

நான் அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டிப்போயிருந்தது. மார்கழி மாதம் அது. பக்தியில் யாருக்கும் அப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை. கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்ற சமயத்தில், அந்தக் கூட்ட மறைவில், கம்பியைப் பிடித்துத் தொங்கி ஒருவாறு எழுந்தார். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். வீட்டுக்கு வந்து, "என்னங்க ஆச்சு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, கால் மரத்துப்போச்சு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் அதையும் நன்றாக இருக்கிறது என்றுதான் சாப்பிட்டார்.

அவரோடு நான் வாழ்ந்தது ரொம்ப நாளைக்கு லீவில்தான். கல்யாணமாகிப் பத்து நாளில் வண்டி ஏறினார். அப்புறம் வருஷத்துக்கு ஒரு முறை, மே மாதத்தில் வருவார், பெட்டியைப் பிரிப்பார், வீடு முழுக்க அவர் சத்தமாக இருக்கும், மறுபடி பெட்டியைக் கட்டுவார். நான் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் பிழை திருத்துகிறேன். ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருஷத்துக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியே வந்துவிட வேண்டும் என்பதால் வரப்போகிற வருஷத்தை நாங்கள் முன்கூட்டியே படித்துவிடுவோம். நல்ல நேரம், ராகு காலம், கிருத்திகை, பிரதோஷம் எல்லாம் ஒரு கிறிஸ்தவச்சி உட்கார்ந்து சரிபார்ப்பதில் முதலாளிக்கும் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு. ஆனால் மே மாதத் தாள் வரும்போது மட்டும் என் பேனா நின்றுவிடும். இந்தச் செவ்வாய்க்கிழமை அவர் இங்கே இருப்பார், இந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் சேர்ந்து ஆட்டுக்கறி எடுத்துச் சமைப்போம், இந்த வெள்ளிக்கிழமை அவர் போயிருப்பார் என்று இன்னும் பிறக்காத நாட்களைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருப்பேன். மூன்றாவது ஆள் எங்கள் மகள். இப்போது மதுரையில் நர்ஸிங் படிக்கிறாள்.

அப்படி ஏங்கி ஏங்கி ஒருவழியாக அவர் நிரந்தரமாக வந்து சேர்ந்தார். வந்தவர் என் பக்கத்தில் படுக்கவில்லை. கட்டில் ஒத்துக்கொள்ளவில்லை, தரையில் படுத்துப் பழக்கம் என்றார். சரி, நானும் தரையில் படுக்கிறேன் என்றேன். வேண்டாம், புரண்டு புரண்டு படுப்பேன், உன் தூக்கம் கெடும், காலையில் உனக்குக் கம்பெனி இருக்கு என்றார். பாயை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பட்டாளத்தில் ஆண்களோடேயே இருந்து இருந்து இந்த மனுஷனுக்குப் பெண்டாட்டி வாசனையே மறந்துபோச்சு என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்ன நினைப்பது? வடக்கே எங்கோ பனியில் இருந்தபோது அவர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் வந்த பிறகு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டார்.

வலி எப்படி வந்தது என்பதை அவர் சொல்லவில்லை. அவரோடு ஒரே யூனிட்டில் இருந்த நண்பர் ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். காப்பி குடித்துக்கொண்டே, "இப்ப இடுப்பு எப்படிடா இருக்கு?" என்று கேட்டுவிட்டார். என் கணவர் கண்ணைக் காட்டினார். நான் நண்பரை விடவில்லை. மலையில் மேல் போஸ்ட்டுக்கு மண்ணெண்ணெய் கேனை முதுகில் கட்டிக்கொண்டு ஏறும்போது பனியில் சறுக்கி, கேனோடு சேர்ந்து பாறை மேல் விழுந்திருக்கிறார். எழுந்து, கேனை மறுபடி கட்டிக்கொண்டு, மேலே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். கீழே வந்ததும் டாக்டரிடம் ஒரு முறை காட்டி மாத்திரை வாங்கினார். அதன் பிறகு போகவே இல்லை. வலி என்று சிக் ரிப்போர்ட் செய்தால் டிமிக்கி கொடுக்கிறான் என்று பெயர் வந்துவிடுமாம். உடல் தகுதியில் கீழே இறக்கினால் பதவி உயர்வு போய்விடுமாம். ஆகையால் கேன்டீனில் சோப்பு வாங்குகிற மாதிரி மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு மிச்ச வருஷங்களை ஓட்டியிருக்கிறார்.

இதைவிட அநியாயம் ஓய்வு பெறும்போது நடந்தது. பட்டாளத்திலிருந்து வெளியே வரும் முன் மெடிக்கல் போர்டு வைப்பார்கள். மூன்று டாக்டர் அதிகாரிகள் உடம்பைப் பரிசோதித்து, ஊனம் எத்தனை சதவீதம், அது பட்டாள வேலையால் வந்ததா இல்லையா என்று எழுதுவார்கள். அவர்கள் எழுதுவதை வைத்துத்தான் ஊனமுற்றோர் பென்ஷன். அதற்குள் அவரால் மறைக்க முடியாத அளவுக்கு வலி முற்றி, ஸ்கேனில் தண்டுவடத்து ஜவ்வு நரம்பை அழுத்துவது தெரிந்துவிட்டது. ஆக, படத்தில் சாட்சி இருக்கிறது. வலிக்கிறது என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. இவர் என்ன செய்தார் தெரியுமா? முதல் நாளே சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார். ஷூவை முகம் தெரிகிற மாதிரி தேய்த்திருக்கிறார். காலையில் மழமழவென்று ஷேவ் செய்து, இரண்டு மாத்திரை முழுங்கிவிட்டுப் போய், அதிகாரிகள் முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்திருக்கிறார்.

"தரையில ஒரு கோடு போட்டிருந்தாக. அது மேல நடக்கச் சொன்னாக. நான் நடந்த நடையில டாக்டரே அசந்துட்டாரு" என்று அதைப் பெருமையாக வேறு என்னிடம் சொன்னார்.

"எப்படி இருக்கீகன்னு கேட்டாகளா?"

"கேட்டாக. டீக் ஹை சாப், நல்லாருக்கேன் சார்னு சொன்னேன்."

அசந்துபோன டாக்டர் நடை இயல்பு, வலி லேசானது, வேலையால் வந்ததல்ல என்று எழுதிவிட்டார். சதவீதம் வேண்டிய அளவுக்குக் கீழே போய்விட்டது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்ணால் பார்த்ததைத்தானே எழுதுவார்? பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி போய் நின்ற இந்த மனுஷனை என்ன செய்வது?

அந்தப் பென்ஷன் வேண்டாம், உழைத்துச் சாப்பிடுவேன் என்று எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். காலையில் வேன் வேனாக வந்து இறங்குகிற ஆட்களைச் சோதித்து, பீடி, தீப்பெட்டி, செல்போன் வாங்கி வைத்துவிட்டு உள்ளே விட வேண்டும். நாற்காலி கொடுத்திருந்தார்கள். உட்காருகிறவன் காவல்காரனா என்று அதை மடக்கிச் சுவரோரம் வைத்துவிட்டார். உட்கார்ந்தாலும் அவருக்கு வலிதான் என்பது வேறு கதை. தீபாவளி சீசனில் ஒரு நாள் லோடு லாரி வந்து ஹாரன் அடித்து அடித்துப் பார்த்திருக்கிறது. கேட் திறக்கவில்லை. ஃபோர்மேன் போய்ப் பார்த்தால், காவல் அறைத் தரையில் மல்லாந்து கிடக்கிறார், கண் திறந்திருக்கிறது, எழுந்திருக்க முடியவில்லை. குடித்திருப்பாரோ என்று கிட்டே போய் மோந்து பார்த்தாராம். அதைத்தான் இவரால் தாங்க முடியவில்லை. அன்றோடு அந்த வேலையை விட்டுவிட்டார்.

அன்றைக்குத்தான் என்னிடம் முதல் முறையாக மனம்விட்டு ஒன்று சொன்னார். "பணத்துக்காக இல்ல புள்ள. ஏலாதவன், சோம்பேறி, குடிகாரன்னு பேரு வாங்கிட்டு என்னால வீட்டுல கெடக்க முடியாது. இது அங்க வேலை பாக்கையில வந்ததுன்னு அவுக ஒத்துக்கணும். அது போதும்."

விருதுநகரில் முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்துக்கு நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். அங்கே இருந்தவரும் ஒரு முன்னாள் பட்டாளத்துக்காரர்தான். தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலே என் கணவரைப் பார்த்தார்.

"என்னண்ணே, பரேடுக்குப் போன மாதிரிப் போயிருக்கீக. ஃபிட்டா இருக்கேன்னு நீங்களே காமிச்சுட்டு இப்ப இல்லேன்னா எப்படி? நானும் இதே கூத்துதான் பண்ணேன், அது வேற. சரி, அப்பீல் போடுவோம். மறுபடி போர்டு வைக்கச் சொல்லிக் கேப்போம். ஆனா அங்க போயும் டீக் ஹைன்னு சொன்னீகன்னா அப்புறம் அந்த ஆண்டவனே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

அப்பீல் போட்டோம். பதில் இல்லை, மறுபடி எழுதினோம், ஒரு தாள் குறைகிறது என்று வந்தது, அனுப்பினோம், காத்திருந்தோம். இரண்டு வருஷத்துக் காலண்டரை நான் படித்து முடித்துவிட்டேன். அவர் வலியோடு எழுந்து வலியோடு நடந்து, மத்தியானம் முழுக்கச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பார். நான் வேலையிலிருந்து வந்து கதவைத் திறக்கிற சத்தம் கேட்டதும் சுவரை விட்டு விலகி, "வந்துட்டியா, காப்பி போடவா?" என்பார். எனக்கு அவர் கையால் காப்பி வேண்டாம். நின்ற இடத்திலேயே நின்று, "வா, வலிக்குது, கொஞ்சம் தேச்சு விடு" என்று ஒரு தடவை சொல்ல மாட்டாரா என்று இருந்தது. ஒரு வார்த்தைக்காக ஒருத்தி இத்தனை வருஷம் காத்திருக்க முடியும் என்று நானே நினைத்ததில்லை.

சென்னையில் போர்டு என்று ஒருவழியாகக் கடிதம் வந்ததும் வீட்டில் நான் ஒத்திகை ஆரம்பித்தேன். நான் நாற்காலியில் அதிகாரி. அவர் எதிரே.

"பேரு?"

குதிகால் சேர்ந்தது. நெஞ்சு நிமிர்ந்தது. நம்பர், ரேங்க், பேர் எல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"இப்ப எப்படி இருக்கு?"

"நல்லாருக்கேன்."

"எங்கன நல்லாருக்கீக? காலையில கீழ விழுந்த சாவிய எடுக்கக் குனிய முடியாம நின்னது யாரு?"

அவர் விறைப்பைத் தளர்த்திக்கொண்டார். "ஆபீசர் கேட்டா வாயில அதுதான் வருது. நான் என்ன செய்ய? வேணும்னா பல்லைக் கடிச்சிக்கிட்டு, இடுப்பைப் பிடிச்சிக்கிட்டு நடிச்சுக் காட்டவா?"

"நீங்க நடிக்க வேண்டாம். நடிக்கிறதை நிப்பாட்டுங்க."

சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். வாசல் பக்கம் போய்விட்டார். நானும் சமாதானம் சொல்லப் போகவில்லை. ஆனால் சென்னைக்குக் கிளம்பும்போது மாத்திரைப் பட்டையைத் தானே எடுத்து என் கையில் கொடுத்து, "போர்டு முடியுற வரைக்கும் நான் கேட்டாலும் குடுக்காத" என்றார். அதைக் கைப்பையில் போட்டபோது, பாவி, என்ன காரியம் செய்கிறாய் என்று என் மனசே என்னைக் கேட்டது. ரயிலில் அவர் படுக்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் வந்தார். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கணமே கொடுத்திருப்பேன், போர்டாவது ஒன்றாவது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்த காட்சியை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டிருந்தது. பெஞ்சில் எல்லாம் மனைவிமார். கணவன்மார் ஒருவர்கூட உட்காரவில்லை. முழங்கால் போனவர், தோள்பட்டை போனவர், இவரைப்போல இடுப்பு போனவர், அத்தனை பேரும் இஸ்திரி போட்ட சட்டையோடு, பளபளக்கிற ஷூவோடு, சுவரோரம் வரிசையாக விறைத்து நின்றார்கள். ஊனத்தைக் காட்டி உதவி கேட்க வந்த கூட்டம் மாதிரியா இருந்தது? கொடியேற்ற வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். என் பக்கத்தில் இருந்த திண்டுக்கல் அம்மா மெல்ல என் காதில், "இங்க பாருங்க, எப்படி நிக்கிறாருன்னு. வீட்டுல கக்கூஸ் போக என் தோளைப் பிடிக்கணும்" என்றார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இவரைக் கூப்பிட்டார்கள். கதவு திறந்தேதான் இருந்தது, பச்சைத் திரை மட்டும். நான் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். உள்ளே ஷூ சேர்கிற சத்தம் கேட்டது. போச்சு என்று நினைத்தேன். ஒரு கனத்த குரல் இந்தியில் கேட்டது, இப்போது எப்படி இருக்கிறது என்று.

"டீக் ஹை சாப்."

நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே போய் அந்த மனுஷன் தலையில் அதைப் போடலாமா என்றுகூட இருந்தது. படுக்கச் சொன்னார்கள், காலைத் தூக்கச் சொன்னார்கள். எது கேட்டாலும், ஹாங் சாப், நஹீ சாப்; ஆமாம், இல்லை, அவ்வளவுதான். இந்தியில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் பதினேழு வருஷம் அதிகாரிகளுக்குச் சொன்ன பதில்தான். வலிக்கு அந்த பாஷையில் அவரிடம் வார்த்தையே இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் ஒரு பெண் குரல். டாக்டர்களில் ஒருவர் தமிழ் ஆள் போலிருக்கிறது. சாதாரணமாக, பக்கத்து வீட்டில் விசாரிக்கிற மாதிரி கேட்டார். "ராத்திரி எப்படிப் படுக்கறீங்க?"

நான் ஒத்திகையில் கேட்காத கேள்வி அது.

"படுக்குறதில்லம்மா" என்றார். அதிகாரியை அம்மா என்று சொல்லிவிட்டார். "தரையில பாயப் போட்டுக் கொஞ்ச நேரம் கெடப்பேன். அப்புறம் எந்திரிச்சு சுவரைப் பிடிச்சு நிப்பேன். திரும்பப் படுப்பேன்."

"உதவிக்குக் கூட யாரும் இல்லையா?"

"சம்சாரம் இருக்கா. அவ ஒரு ரூம்ல, நான் ஒரு ரூம்ல. கதவச் சாத்திக்குவேன்."

"எதுக்குக் கதவைச் சாத்தணும்?"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது, எழுந்து உட்கார்ந்தார் போலிருக்கிறது.

"முனகல் வருதும்மா. பகல்ல அடக்கிருவேன், ராத்திரி முடியல. அவ கேட்டிறக் கூடாது." குரல் உடைந்தது. அவர் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. "அங்க மலையில கெடக்கும்போது, என்னைக்கு மொத்தமா ஊருக்குப் போவோம், என்னைக்கு அவ பக்கத்துல படுப்போம்னு அதே நெனப்பாத்தான் கெடந்தேன். வந்தும் படுக்க முடியல. வலிக்குதும்மா. ரொம்ப வலிக்குது."

திண்டுக்கல் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷமும் சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்திதான் ஏங்கிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தேன். அந்தப் பக்கமும் அதே ஏக்கம், வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருக்கிறது. அந்த வார்த்தையைக் கேட்டால் சந்தோஷப்படுவேன் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன். கேட்டதும், ஐயோ, இவரைப் பேச வைத்துவிட்டேனே, யாராவது அவரை வெளியே அனுப்புங்களேன் என்றுதான் இருந்தது.

வெளியே வந்தார். முகம் கழுவின மாதிரி இருந்தது. "சொல்லிட்டேன்" என்றார். நான் மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் நீட்டினேன். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை.

முடிவு வர வெகு நாளாயிற்று. வேலையால் வந்ததுதான் என்று ஒத்துக்கொண்டார்கள். அந்தத் தாளை அவர் திரும்பத் திரும்ப வாசித்தார், பழைய ஃபோர்மேனைப் பார்க்க வேண்டும் என்றுகூட ஒரு நாள் சொன்னார். அதெல்லாம் பிற்பாடு. சென்னையிலிருந்து நாங்கள் ஊர் திரும்பிய அன்று மத்தியானம் அவர் வழக்கம்போலப் பாயை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். நான் என் பாயை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"நீ கட்டில்ல போயிப் படு" என்றார்.

"மாட்டேன்."

"சத்தம் வரும்."

"வரட்டும்."

அவர் பாயை ஒட்டி என் பாயை விரித்தேன். எழுந்துபோய்க் கதவை அகலமாகத் திறந்து வைத்துவிட்டு வந்து படுத்தேன். தூரத்தில் ஏதோ கம்பெனியில் வெடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முதலில் பல்லைக் கடித்தார், எனக்குத் தெரிந்தது. மூச்சை நிறுத்தினார். நான் அவர் கையைப் பிடித்தேன். அப்புறம் வந்தது, அடிவயிற்றிலிருந்து, நீளமாக ஒரு முனகல். பின்னாலேயே இன்னொன்று. கட்டின புருஷன் வலியில் முனகுகிறார், நான் அழுகிறேன், ஆனால் பட்டாளத்திலிருந்து அவர் வீடு வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது.

கண்ணை மூடியபடியே, "கேக்குதா?" என்றார்.

"கேக்குது. நான் இங்கனதான இருக்கேன்" என்றேன்.